உயிருக்குப் பயந்து ஓடி வந்த பிள்ளைகளை மறுபடியும் ஓடச் சொல்லலாமா?

வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

பெற்றோர் துணையின்றி வந்து புகலிடம் கோரியிருக்கும் இளவயதினர் தங்கும் விடுதி ஒன்றில் வார இறுதிகளில் தன்னார்வலராக இருக்கிறேன். நான் பல வருடங்களாக ஓடுபவள். யாரிடமும் அதிகம் பேசாத 17 வயதுப் பையன் ஒருவன், நான் ஓடக் கிளம்பும்போது தானும் வரலாமா என்று ஒருநாள் கேட்டான். இப்போது இன்னும் சிலரும் வருகிறார்கள். அந்தப் பையன் நிமிர்ந்து நடக்கிறான், மொழி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறான். ஆனால், "உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்களை மறுபடியும் ஓடவிடுவது சரியா?" என்று கூட வேலை செய்பவர் கேட்கிறார். இதற்கிடையே ஊரில் நடக்கவிருக்கும் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் 'அகதி இளைஞர் அணி' என்று அச்சடித்த பனியனோடு இவர்களை ஓடவைக்கலாம் என்று விடுதி நிர்வாகம் சொன்னது. அன்றிலிருந்து அந்தப் பையன் வருவதில்லை. ஓட்டம் உண்மையிலேயே இவர்களுக்கு உதவுகிறதா? அல்லது என் ஆசையை இவர்கள்மேல் ஏற்றுகிறேனா?

உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது, அந்தப் பையன் ஒதுங்கியது ஓட்டத்திலிருந்து அல்ல, அந்தப் பனியனிலிருந்து என்றுதான் எனக்குப் பட்டது. காலை முதல் இரவு வரை அவன் அகதியாகவே இருக்கிறான். குடிவரவு அலுவலகத்தில் ஒரு கோப்பு எண், வக்கீலிடம் ஒரு வாக்குமூலம், விடுதியில் ஒரு கட்டில், வகுப்பில் மொழி தெரியாதவன். உங்களோடு ஓடிய நேரத்தில் மட்டும்தான் அவன் யாருக்கும் தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் முதுகில் அதே சொல்லை எழுதிவிட்டால் அவன் எங்கே போவான்? நிர்வாகம் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கும். ஆனாலும் இதை நீங்கள் உறுதியாகத் தடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சக ஊழியரின் கேள்வி. அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி அது, ஒதுக்கிவிட வேண்டாம். பயந்து ஓடுவதும் விரும்பி ஓடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு. உயிர் தப்பி ஓடியவர் எப்போது கிளம்புவது, எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது என எதையும் தானாக முடிவு செய்திருக்க மாட்டார். துப்பாக்கி வைத்திருந்தவனும், காசு வாங்கிக்கொண்டு எல்லை கடத்திவிட்டவனும், எல்லையில் நின்ற காவலரும் முடிவு செய்தார்கள். உங்களோடு ஓடும்போது இந்த மூன்றும் அவன் கையில் இருக்கின்றன. ஓட்டத்தின் பலனே அதில்தான் இருக்கிறது. ஆகவே அந்த மூன்றையும் அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். "விடாதே, இன்னும் ஒரு ரவுண்டு!" என்று பின்னாலிருந்து விரட்டும் பயிற்சி மற்றப் பிள்ளைகளுக்குச் சரிப்படலாம், இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். நடுவில் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்காமல் நீங்களும் சேர்ந்து நடங்கள்.

உடலைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய அச்சத்தைக் கடந்து வந்தவர்களின் உடல், நெஞ்சு படபடத்தால் ஆபத்து வருகிறது என்று பழகிவைத்திருக்கும். சிலருக்கு மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால்கூடப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். ஓடும்போது அதே படபடப்பும் வியர்வையும் மூச்சிரைப்பும் வருகின்றன. ஆனால் கெட்டது எதுவும் நடப்பதில்லை. நின்று கொஞ்சம் நடந்தால் இதயத்துடிப்பு தானாக இறங்குகிறது. இது திரும்பத் திரும்ப நடக்கும்போது, படபடப்பு வேறு, ஆபத்து வேறு என்று உடல் மெல்லப் பிரித்தறியத் தொடங்குகிறது. பீதிக் கோளாறுக்கான சிகிச்சையில் நாங்கள் இதையே திட்டமிட்டுச் செய்வதுண்டு. நின்ற இடத்திலேயே ஓடச் சொல்லி இதயத்தை வேகமாக்கி, அது இறங்கும்வரை கூடவே இருப்போம். அதனால் ஓட்டம் முடிந்த கையோடு பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் சேர்ந்து நடங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். எண்ணிக்கை குறைவதை அவர்களே தங்கள் விரலடியில் உணரட்டும்.

நான் ஆலோசனை வழங்கிய ஒரு பெண்ணைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். தன் ஓட்டக் குழுவில் அவள் எப்போதும் கடைசியாகவே ஓடுவாள். வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. முன்னால் போகிறவர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் இவளும் நின்றுவிடுவாள். அவர் எழுந்து ஓடிய பிறகுதான் இவள் நகர்வாள். பின்னாலிருந்து வரும் காலடிச் சத்தம் அவளுக்கு ஆகாது. குழுவை நடத்தியவர் அதைக் கவனித்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை, முன்னால் வா என்று கூப்பிடவும் இல்லை. அவளுக்குப் பின்னால் யாரும் போகாதபடி பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பல மாதங்கள் கழித்து ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் அவள் குழுவின் நடுவே ஓடியிருக்கிறாள், பின்னால் மூன்று பேர். அறைக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்கே அது உறைத்திருக்கிறது. அடுத்த முறை என்னைப் பார்க்க வந்தபோது, நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே அதைத்தான் சொன்னாள். "யாரோ பின்னால் வந்தார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை" என்று. அந்தக் குழுவை நடத்தியவர் மருத்துவரும் இல்லை, உளவியல் படித்தவரும் இல்லை. பொறுமை இருந்தது. உங்களிடமும் அது இருக்கிறது என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

இனி தன்னம்பிக்கை. இந்த இடத்தில்தான் நல்ல மனிதர்கள் பலர் வழி தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் "நீ எவ்வளவு தைரியசாலி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளைக்கு அது ஒட்டுவதில்லை. தைரியம் என்று நாம் புகழும் நாளில் அவன் தம்பியை விட்டுவிட்டு வந்திருக்கலாம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில், 'என்னால் முடியும்' என்ற உணர்வுக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது என்றும் சொன்னார். இளம் அகதிகளுக்கு ஊக்கச் சொல் தாராளமாகக் கிடைக்கிறது. தானே செய்து முடிக்கும் வாய்ப்புதான் அரிதாக இருக்கிறது.

ஏன் அரிது என்று யோசித்துப் பாருங்கள். புகலிடக் கோரிக்கை கொடுத்த பிறகு மாதக்கணக்கில், பல நாடுகளில் வருடக்கணக்கில், காத்திருக்க வேண்டும். எவ்வளவு நல்லவனாக நடந்துகொண்டாலும் விசாரணைத் தேதி ஒருநாள்கூட முன்னுக்கு வராது. எவ்வளவு படித்தாலும் முடிவு இன்னொருவர் மேசையில் இருக்கிறது. உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே இருக்க வேண்டிய தொடர்பே அறுந்துபோன வாழ்க்கை இது. பதினேழு வயதில் அப்படி வாழ்வது மனதை அரித்துவிடும். பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. செய்வதற்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று பலமுறை அனுபவித்தவர்கள் முயற்சியைக் கைவிடுவது மனித இயல்பு.

ஓட்டத்தில் அந்தத் தொடர்பு திரும்பக் கிடைக்கிறது. போன மாதம் மூச்சு வாங்கி நின்ற மேட்டை இந்த மாதம் நிற்காமல் கடக்கிறான். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, யாரும் நிராகரிக்கவும் முடியாது. ஸ்டாப்வாட்ச் காட்டும் நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இந்த அனுபவம் அவனிடமே பதிவாகட்டும்: ஒரு சிறிய நோட்டு வாங்கிக்கொடுங்கள், தேதியும் தூரமும் அவனே தன் மொழியில் எழுதட்டும், நீங்கள் அதைத் திருத்தவோ சரிபார்க்கவோ வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று தொடங்குங்கள். ஓடிக்கொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு வரும் என்பதும் ஒரு லாபம். முகம் பார்த்துப் பேசத் தயங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்வது எளிது. மௌனமாக ஓடினாலும் குறையில்லை. அவன் மொழி வகுப்புக்கு ஒழுங்காகப் போவது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஓரிடத்தில் 'முடிந்தது' என்று ருசி கண்டவர்கள் இன்னோரிடத்திலும் முயன்று பார்ப்பார்கள்.

அடையாளம் என்பது இதைவிடச் சிக்கலானது. பதின்ம வயதில் எல்லாப் பிள்ளைகளும் 'நான் யார்' என்று தேடுகிறார்கள். இவர்களுக்கு அந்தத் தேடல் நடுவழியில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஊரில் ஒருவன் வீட்டுக்கு மூத்த பிள்ளை, வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரன், தெருவில் கால்பந்தாட்டக்காரன். எல்லை தாண்டியதும் அத்தனையும் போய் ஒரே ஒரு பெயர் மிஞ்சுகிறது. அந்தப் பெயரையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை.

மோ ஃபாராவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2012, 2016 ஒலிம்பிக்குகளில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் நான்கு தங்கம் வென்றவர். தன் உண்மையான பெயர் ஹுசைன் அப்தி காஹின் என்றும், சுமார் 9 வயதில் வேறொரு குழந்தையின் பெயரில் பிரிட்டனுக்குக் கடத்தி வரப்பட்டு வீட்டு வேலை செய்யவைக்கப்பட்டதாகவும் 2022-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த உண்மையை அவர் சிறுவனாக இருந்தபோதே முதலில் சொன்னது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஆலன் வாட்கின்சனிடம். பெயர்கூடத் தன்னுடையதாக இல்லாத ஒரு சிறுவனுக்கு ஓட்டம் தன்னுடையதாக இருந்தது. அங்கே தன்னைச் சரியாகப் பார்த்த ஒரு பெரியவரிடம் அவரால் வாய் திறக்க முடிந்தது. அந்த ஆசிரியர் கதையைக் கேட்டுக்கொண்டு அவரிடம் போகவில்லை, விளையாட்டோடு போனார். நீங்களும் அப்படித்தான் போயிருக்கிறீர்கள்.

இன்னொருவர் டொமினிக் லோபாலு. தென்சூடானில் பிறந்தவர். அகதிகள் அணிக்காக ஓடவந்த இடத்தில், 2019-இல் சுவிட்சர்லாந்தில் தங்கிவிட்டார். 2024 ஜூனில் ரோம் நகரில் சுவிட்சர்லாந்துக்காக ஓடி 10,000 மீட்டரில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். இரண்டே மாதத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக ஓடினார். சுவிஸ் குடியுரிமை இல்லாததால் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காக ஓட முடியவில்லை. 5,000 மீட்டரில் நான்காவதாக வந்து, நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டார். காகிதங்கள் அவரை ஒரே கோடைக்காலத்தில் இரண்டு பெயரில் அழைத்தன. இரண்டு இடத்திலும் ஓடியவர் ஒருவரே. உங்கள் பையனுக்கும் இப்படி ஒன்று தேவைப்படுகிறது: கோரிக்கை ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும் மாறாத ஏதோ ஒன்று.

இந்தக் கதைகளைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஆனால் அளவோடு. 2016 ரியோவில் முதன்முறையாக அகதிகள் ஒலிம்பிக் அணி இறங்கியபோது அதில் 10 பேர் இருந்தார்கள். அவர்களில் ஐவர் கென்யாவின் ககுமா முகாமிலிருந்து வந்த ஓட்டக்காரர்கள். கொடி பிடித்துச் சென்ற ரோஸ் நதிகே லோகோன்யென், முகாமில் நடந்த 10 கிலோமீட்டர் பந்தயத்தில் வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தவர். தன்னைப் போன்ற ஒருத்தி செய்திருக்கிறாள் என்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய பலம். ஆனால் 2024 பாரிஸ் அணியில்கூட 37 பேர்தான். அந்த ஆண்டு முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12 கோடிக்கும் மேல். நீயும் ஒலிம்பிக் போகலாம் என்று ஆசைகாட்டாதீர்கள். இவர்கள் ஏற்கெனவே பல வாக்குறுதிகளை நம்பி ஏமாந்தவர்கள். எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் யீச் பூர் பியெல். ரியோவில் 800 மீட்டரில் முதல் சுற்றோடு வெளியேறினார். 2022-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினரானார். பதக்கம் இல்லாமலும் ஓட்டம் ஒருவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு அவரைச் சொல்லுங்கள்.

புது அடையாளம் உருவாகும்போது குற்ற உணர்ச்சியும் கூடவே வரலாம். நன்றாக ஓடிய நாளிலேயே ஒரு பிள்ளை முகம் இருண்டு ஒதுங்கிப்போவதைப் பார்ப்பீர்கள். "அம்மா அங்கே பட்டினி கிடக்க, நான் இங்கே விளையாடுகிறேனா?" என்ற எண்ணம்தான் பெரும்பாலும். அப்போது சமாதானம் சொல்லி மறக்கவைக்கப் பார்க்க வேண்டாம். ஊரில் அவன் யாரோடு ஓடித்திரிந்தான், எங்கே ஓடினான் என்று அவனாகப் பேசினால் கேளுங்கள். ஊர்ப் பிள்ளையாக இருந்தவன்தான் இங்கே ஓடுகிறான் என்று ஆகும்போது அந்த வலி கொஞ்சம் தாங்கக்கூடியதாகிறது.

இப்போது பனியன் விஷயம். நிர்வாகத்திடம் நேரடியாகப் பேசுங்கள்: ஓட விரும்புகிறவர்கள் உங்கள் ஓட்டக் குழுவின் உறுப்பினர்களாக, மற்ற எல்லோரையும் போல, தங்கள் பெயரில் ஓடட்டும். குழுவுக்குப் பெயர் வேண்டுமென்றால் பிள்ளைகளே வைக்கட்டும். புகைப்படம், செய்தி எதுவானாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். இது வெறும் கூச்சப் பிரச்சினை இல்லை. யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்கள் கண்ணில் அந்தப் படம் படலாம். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம். பந்தய முடிவுகள் பெயரோடு இணையத்தில் வெளியாவதும் வழக்கம். பதிவுப் படிவத்தில் பிறந்த தேதியும், சில இடங்களில் அடையாள அட்டை எண்ணும் கேட்கலாம். வயது குறித்து விசாரணை நடந்துகொண்டிருக்கும் பிள்ளை எதையாவது எழுதுவதற்கு முன் அவன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பந்தய நாளின் சத்தங்களையும் முன்கூட்டியே யோசியுங்கள். தொடக்கத் துப்பாக்கி வெடித்தால் சில பிள்ளைகளுக்கு அன்றைய நாளே போய்விடும். தலைக்கு மேல் டிரோன், சீருடைக் காவலர்கள், தடுப்புக் கம்பிகள், முண்டியடிக்கும் கூட்டம் எல்லாமே பழையதைக் கிளறக்கூடியவை. எப்படித் தொடங்குவார்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுச் சொல்லிவையுங்கள்; பாதையை ஒருமுறை முன்னதாக நடந்து காட்டுங்கள்; கூட்டத்தின் ஓரமாக, கடைசி வரிசையில் நின்று கிளம்புங்கள். ஓட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை உறைந்து நின்று, கண் எங்கோ போய்விட்டால், தொடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லி, கண்ணில் படும் பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் வர விரும்பினால் உடை, நேரம், யாரோடு ஓடுவது மூன்றையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

அவனிடம் என்ன பேசுவது என்று கேட்டால், சுருக்கமாகப் பேசுங்கள் என்பேன். "அந்தப் பனியன் இல்லை. பந்தயம் உன் விருப்பம். சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு வாசலில் இருப்பேன். ஓட வராவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை." இவ்வளவு போதும். சொன்னபடி அந்த நேரத்துக்கு இருங்கள். வர முடியாத வாரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் காணாமல்போன பெரியவர்கள் இவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே அதிகம். உங்கள் ஆசையை ஏற்றுகிறீர்களா என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அவன் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கால்பந்துக்கோ கிட்டாருக்கோ போனாலும் உங்களுக்கு அவன்மேல் இருக்கும் அக்கறை குறையாது என்றால், நீங்கள் எதையும் ஏற்றவில்லை.

ஓட்டத்தால் ஆகாதவையும் உண்டு. தூக்கமும் மனநிலையும் சீராக அது உதவும். ஆழமான மனக்காயத்துக்கான சிகிச்சைக்கு அது மாற்றாகாது. தொடர்ந்து தூங்காமல் இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, வலியோடும் காயத்தோடும் தன்னைத் தண்டிப்பதுபோல ஓடுவது ஆகியவை தெரிந்தால் விடுதிக் காப்பாளர் மூலம் நிபுணரிடம் அனுப்புங்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதம் வரும் வாரம் மிகவும் ஆபத்தானது. சாவதைப் பற்றிய பேச்சு வந்தால் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள்.

தொடர்ந்து ஓடும் எல்லோருக்கும் ஒரு மருத்துவப் பரிசோதனை அவசியம். நீண்ட பயணத்திலும் முகாமிலும் சரியான சாப்பாடு இல்லாமல் இருந்தவர்களுக்கு இரத்தசோகை, வைட்டமின் டி குறைபாடு, சரியாகச் சேராத பழைய எலும்புமுறிவு இருக்கலாம். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டத்தை நிறுத்திவையுங்கள். எல்லோருக்கும் அளவான ஷூ கிடைக்க நிர்வாகத்திடம் கேளுங்கள்; பனியனுக்கு ஒதுக்கிய பணம் அதற்கு நன்றாகவே பயன்படும். பந்தயப் பதிவுக்குக் கடைசி நாள் எது என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்பாவது பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். யோசிக்க நேரம் வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த நேரத்தையும் கொடுங்கள்.